ஐந்தாண்டு உழைத்தவன் அன்னியனா?

உரிமை வேறு, சலுகை வேறு. உரிமை உடையவன் நிமிர்ந்து நிற்கிறான். சலுகை கேட்பவன் குனிந்து நிற்கிறான். நேற்றுவரை நிமிர்ந்து நின்றவனிடம் ஒரு தாளை நீட்டி, "இதைப் பூர்த்தி செய்து கொடு, நீ இங்கே இருக்கலாமா என்று யோசித்துச் சொல்கிறோம்" என்றால், அவன் மனம் என்ன பாடுபடும்? அந்தப் பாட்டைத்தான் பட்டார்கள், பிரிட்டனிலே வாழ்ந்துவந்த ஐரோப்பியப் பாட்டாளிகள்.

ஐரோப்பிய ஒன்றியம் 2004 ஏப்ரலில் ஓர் ஆணை பிறப்பித்தது. 2004/38 என்பது அதன் எண். உறுப்பு நாடு ஒன்றின் குடிமகன் வேறோர் உறுப்பு நாட்டிலே சட்டப்படி 5 ஆண்டு தொடர்ந்து வாழ்ந்தால், அங்கே நிரந்தரமாகத் தங்கும் உரிமை அவனுக்கு உண்டு. அவனோடு 5 ஆண்டு வாழ்ந்த துணைவிக்கும் மக்களுக்கும் அதே உரிமை - அவர்கள் ஐரோப்பியர் அல்லாதவராக இருந்தாலும்! வேலைத்தலத்திலே விபத்து நேர்ந்து, இனி உழைக்கவே முடியாதவனாகி, அதற்காக அந்நாட்டின் உதவித்தொகை பெறுகிறவனா? அவனுக்கு ஆண்டுக் கணக்கே இல்லை. கை ஒடிந்தவனைக் கைவிடாதே என்கிறது ஆணை.

கவனியுங்கள், தோழர்களே! உரிமை பிறப்பது வாழ்ந்த வாழ்விலே; அதிகாரி தரும் தாளிலே அல்ல. தாள் வெறும் சான்று. ஐரோப்பியர் அல்லாத குடும்பத்தாருக்குரிய அட்டையைக்கூட விண்ணப்பித்த 6 மாதத்துக்குள் தந்தாக வேண்டும் என்று அதிகாரிக்கே கெடு வைத்திருக்கிறது அந்த ஆணை.

2016 ஜூன் 23-ஆம் நாள் பிரிட்டனிலே வாக்கெடுப்பு. ஒன்றியத்தை விட்டு விலகுவோம் என்றனர் நூற்றுக்கு ஏறத்தாழ 52 பேர். அது அந்நாட்டார் எடுத்த முடிவு. அதிலே குறை காண நாம் வரவில்லை. ஆனால், மருத்துவமனையிலே நோயாளியைக் கவனித்தவளும், தோட்டத்திலே பழம் பறித்தவனும், கட்டடத்திலே செங்கல் அடுக்கியவனும் அன்று என்ன செய்தார்கள்? வேடிக்கை பார்த்தார்கள்! அந்த ஐரோப்பியரிலே பெரும்பாலோருக்கு அந்த வாக்கெடுப்பிலே ஓட்டு இல்லை. தலையெழுத்தை நிர்ணயித்தவர் வேறு. தலைகுனிந்து நிற்க நேர்ந்தவர் வேறு.

அஞ்சினார்கள், சான்று தேடி ஓடினார்கள். நீட்டப்பட்டது விண்ணப்பத் தாள் - 85 பக்கம்! குழந்தையை வளர்த்துக்கொண்டு வீட்டிலிருந்த தாயை, "நோய்க் காப்பீடு எங்கே?" என்று கேட்டார்கள். பொது மருத்துவமனை இருக்கையிலே தனிக் காப்பீடு எதற்கு என்று அவள் எண்ணியது குற்றமாகிவிட்டது. பொது மருத்துவ வசதி பெற்றிருந்தாலே போதும் என்று ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2022 மார்ச்சில். தீர்ப்பு வந்தது, திகைத்துப்போன ஆண்டுகள் திரும்பி வந்தனவா?

விலகல் உடன்படிக்கை இரண்டு வழிகளைத் திறந்து வைத்தது. வாழ்ந்தவனுக்கு உரிமை தானே தொடரும், சான்றைப் பிறகு பெற்றுக்கொள்ளலாம் என்பது ஒரு வழி. ஜெர்மனியும் ஸ்பெயினும் இத்தாலியும் அவ்வழி சென்றன. விண்ணப்பித்தால்தான் உரிமை என்பது மற்றொரு வழி. அதைப் பிடித்துக்கொண்டது பிரிட்டன். பிரான்சும் நெதர்லாந்தும்கூட, தம் மண்ணிலே வாழ்ந்த பிரிட்டானியரை அவ்வழியிலேதான் நடத்தின. தவறு எவர் செய்தாலும் தவறே.

பிரிட்டனிலே 2019 மார்ச் 30-ல் வாயில் முழுதாகத் திறந்தது. 2021 ஜூன் 30 கெடு. 65 பவுண்டு கட்டணம் என்றார்கள்; கண்டனம் எழுந்ததும் கைவிட்டார்கள். அங்கே வாழும் ஐரோப்பியர் 30 லட்சம் என்று பேசிவந்த நாட்டிலே, கெடுவுக்குள் குவிந்த விண்ணப்பங்களோ 60 லட்சத்துக்கு மேல்! பெரும்பாலோருக்கு உரிமை கிடைத்தது, மறுக்கவில்லை. ஆனால் கையிலே பிடிக்க அட்டை இல்லை; எல்லாம் கணினிக்குள்ளே. முதியோர் இல்லத்துக் கிழவிக்கு யார் போய்ச் சொல்வது?

இது வீண் அச்சமா? 1948-ல் வின்ட்ரஷ் கப்பலிலும், அதன் பின்னே வேறு கப்பல்களிலும் வந்திறங்கிய கரீபியத் தீவினரை நினைத்துப் பாருங்கள். உரிமையோடு வந்து, உழைத்து, முதுமை எய்தினர். தாள் இல்லை என்று வேலை பறித்தார்கள், சிகிச்சை மறுத்தார்கள், சிலரை நாடு கடத்தினார்கள். 2018-ல் அம்பலமாயிற்று அந்த அநீதி.

5 ஆண்டு நிறையாதவருக்குத் தற்காலிகத் தகுதி தந்தார்கள். கெடு முடிவதற்குள் மீண்டும் விண்ணப்பிக்காவிட்டால் அதுவும் போகும் என்றார்கள். அது சட்டத்துக்குப் புறம்பு என்றது லண்டன் உயர் நீதிமன்றம், 2022 டிசம்பரில். அதன்பின் 2023 முதல் அரசே கெடுவை நீட்டியது. 2025 முதல் தன்னிடமுள்ள ஏடுகளைப் பார்த்து, தகுதி நிறைந்தோருக்கு நிரந்தர உரிமையை அரசே வழங்கத் தொடங்கியது. வரி கட்டிய கணக்கு அரசிடமே இருந்தது! இன்று முடிவது அன்று ஏன் முடியவில்லை? முடியாததல்ல, மனமில்லை.

நம்மவருக்கும் இதிலே பங்குண்டு. 1983-க்குப் பின் இலங்கையிலே வாழ முடியாமல் வெளியேறி, ஜெர்மனி, டென்மார்க், நெதர்லாந்து நாடுகளிலே குடியுரிமை பெற்று, பிறகு பிரிட்டனிலே குடியமர்ந்த ஈழத்தமிழர் பலர். அகதியாக ஒருமுறை நிரூபித்தவர், ஐரோப்பியராக மறுமுறை நிரூபிக்க நின்றனர்! வெளிநாட்டிலே இருக்கும் துணையை அழைத்துக்கொள்ள, உறவு 2020 முடிவதற்குள் ஏற்பட்டிருந்தால் ஒரு வழி. அதன் பிறகு மணந்தவருக்கோ வருமானக் கணக்கு! ஆண்டுக்கு 18,600 பவுண்டாக இருந்த அந்த அளவை 2024 ஏப்ரலில் 29,000 ஆக்கினார்கள். தாலிக்கும் தராசு பிடிக்கிறார்கள்!

எந்த நாடும் தன் எல்லையைக் காக்கட்டும்; யார் வருகிறார் என்று எண்ணட்டும். ஆனால் வந்து, வாழ்ந்து, வரி கட்டி, வியர்வை சிந்தியவனைப் புதிதாக வாயிலிலே நிறுத்திக் கேள்வி கேட்கும் முறையை ஏற்க மாட்டோம். அவனுக்கு உரிமை இல்லை என்று சொல்ல விரும்பும் அரசு, அதை நிரூபிக்கட்டும். நிரூபிக்கும் சுமையை உழைத்தவன் தோளிலே ஏற்ற வேண்டாம்.

எந்த ஊரானாலும், எந்த நிறமானாலும், எந்த மொழியானாலும், ஐந்தாண்டு உழைத்தவன் அன்னியன் அல்லன். அவன் உழைப்பே அவனுடைய விண்ணப்பம். அதைப் படிக்கத் தெரிந்த அரசே மக்கள் அரசு!