அமைதியாக இருக்கும் கல்லூரி எல்லாம் பாதுகாப்பான கல்லூரியா?

கல்லூரிச் சேர்க்கை நேரத்தில் விண்ணப்பம் வாங்க வரும் பெற்றோர், கட்டணத்துக்கு அடுத்தபடியாகக் கேட்கும் கேள்வி, "இங்க பிரச்சினை எதுவும் இல்லையே சார்?" என்பதுதான். "இதுவரை ஒரு புகார் கூட வந்ததில்லை" என்று பெருமையாகப் பதில் வரும். அவர்களும் நிம்மதியாகப் பணத்தைக் கட்டிவிட்டுப் போவார்கள்.

வணிகவியல் படிக்கும் எந்த மாணவனிடமும் ஒரு கணக்கைக் காட்டிப் பாருங்கள். ஆயிரக்கணக்கானவர்களுக்குக் கடனுக்குச் சரக்கு விற்கும் ஒரு கடையில், இருபது வருடமாக வாராக்கடன் பூஜ்யம் என்று எழுதியிருந்தால், அவன் முதலாளியைப் பாராட்ட மாட்டான். கணக்கைத்தான் சந்தேகப்படுவான். புகாரும் அப்படித்தான். மூவாயிரம் இளைஞர்கள் ஒன்றாகப் படிக்கும் இடத்தில் பல வருடங்களாக ஒரு புகாரும் இல்லை என்றால், அங்கே தவறே நடக்கவில்லை என்று அர்த்தம் கொள்ள முடியாது. சொல்லிப் பயனில்லை என்று மாணவர்கள் முடிவு செய்துவிட்டார்கள் என்றும் அர்த்தம் கொள்ளலாம்.

அமைதி வேறு, நம்பிக்கை வேறு. இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதால்தான் பல கல்லூரிகளில் சிக்கல் வெடித்த பிறகு கண் திறக்கிறார்கள்.

சென்னை டாக்டர் அம்பேத்கர் அரசு சட்டக் கல்லூரியில் 2008ல் நடந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. அக்டோபர் 30 தேவர் ஜெயந்தியை ஒட்டி ஒட்டப்பட்ட சுவரொட்டிகளில் கல்லூரியின் பெயரிலிருந்து அம்பேத்கரின் பெயர் விடுபட்டிருந்தது. இரு பிரிவு மாணவர்களுக்கு இடையே ஏற்கனவே இருந்த பகை இதனால் இன்னும் சூடானது. நவம்பர் 12 அன்று வளாகத்துக்குள்ளேயே உருட்டுக்கட்டைகளோடு மோதல் நடந்தது. கீழே விழுந்து கிடந்த மாணவரைச் சுற்றி நின்று அடித்த காட்சியையும், போலீசார் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த காட்சியையும் தமிழ்நாடே தொலைக்காட்சியில் பார்த்தது.

அதன் பிறகு என்ன நடந்தது? நீதிபதி பி.சண்முகம் தலைமையில் விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது. கல்லூரியை இடம் மாற்றலாம் என்று அந்த ஆணையம் பரிந்துரைத்தது. மாணவர்களின் எதிர்ப்பையும் மீறி, 1891ல் தொடங்கிய அந்தப் பழைமையான கல்லூரி 2018ல் உயர் நீதிமன்ற வளாகத்தை விட்டுப் புதுப்பாக்கத்துக்கும் பட்டரைப்பெரும்புதூருக்கும் இரண்டாகப் பிரிக்கப்பட்டுப் போனது.

கட்டடத்தை மாற்றிவிடலாம். பகையை எந்த லாரியில் ஏற்றி எங்கே இறக்குவது? சுவரொட்டி ஒட்டியதற்கும் கட்டை தூக்கியதற்கும் நடுவில் ஏறக்குறைய இரண்டு வாரங்கள் இருந்தன. ஒரு கல்லூரியின் தரத்தை அளக்க வேண்டிய இடம் அந்த இரண்டு வாரங்கள்தான். "இந்தப் பெயரை விட்டது எங்களை அவமானப்படுத்துகிறது" என்று ஒரு தரப்பு வந்து சொல்ல ஓர் இடம், மறு தரப்பு அதைக் கேட்டுப் பதில் சொல்ல ஓர் இடம், இரண்டு தரப்பும் நம்பக்கூடிய ஓர் ஆசிரியர்... இவை இருக்கிற கல்லூரியில் பேச்சு முதலில் வரும். இல்லாத கல்லூரியில் கட்டைதான் முதலில் வரும்.

சரி, மாணவர்கள் ஏன் வாய் திறப்பதில்லை? கோழைகள் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். ஆனால் அவர்களின் பயத்துக்குக் காரணம் இருக்கிறது.

முதல் பயம் மதிப்பெண். நூற்றுக்கு இருபத்தைந்து அக மதிப்பெண் யார் கையில் இருக்கிறதோ, அவரைப் பற்றியே புகார் கொடுக்க வேண்டுமென்றால் எந்த மாணவன் கொடுப்பான்? இரண்டாவது பயம் வீடு. புகார் கொடுத்தால் அடுத்த நாளே பெற்றோரை வரச் சொல்வார்கள். பெண்ணாக இருந்தால் படிப்பே நின்றுபோகலாம். மூன்றாவது பயம் பெயர் வெளியே வருவது.

மூன்றாவது பயம் வெறும் கற்பனை அல்ல. 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்துக்குள் ஒரு மாணவி பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார். அவர் துணிந்து புகார் கொடுத்தார். ஆனால் அவரை அடையாளம் காட்டும் விவரங்களோடு எஃப்.ஐ.ஆர். இணையத்தில் கசிந்தது. சென்னை உயர் நீதிமன்றம் பெண் ஐ.பி.எஸ். அதிகாரிகள் கொண்ட சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைத்து, அந்த மாணவிக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு வழங்கவும் உத்தரவிட்டது. குற்றவாளிக்கு 2025 ஜூனில் ஆயுள் தண்டனை கிடைத்தது. நீதி கிடைத்தது என்பது உண்மை. ஆனால் அந்த எஃப்.ஐ.ஆர். கசிந்த நாளில் தமிழ்நாட்டில் எத்தனை மாணவிகள் "நல்லவேளை, நாம் சொல்லவில்லை" என்று நினைத்திருப்பார்கள்? அந்தக் கணக்கை எந்த நீதிமன்றமும் எடுக்க முடியாது.

சட்டம் இல்லாமலா இப்படி நடக்கிறது? சட்டத்துக்குப் பஞ்சமே இல்லை. வேதனை என்னவென்றால், பல சட்டங்கள் ஓர் உயிர் போன பிறகுதான் வந்திருக்கின்றன. 1996ல் அண்ணாமலைப் பல்கலைக்கழக மருத்துவ மாணவர் நாவரசு கொல்லப்பட்டார். 1997ல் தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம் வந்தது. 2009 மார்ச்சில் இமாசலப் பிரதேசத்தில் மருத்துவ மாணவர் அமன் கச்ரூ ராகிங் கொடுமையால் இறந்தார். அதே வருடம் யு.ஜி.சி. நாடு முழுவதற்குமான ராகிங் தடுப்பு விதிமுறைகளைக் கொண்டுவந்தது.

இதற்கு நேர்மாறான கதையும் உண்டு. டெல்லி எய்ம்ஸ் மருத்துவக் கல்லூரியில் தலித், பழங்குடி மாணவர்கள் விடுதியிலும் தேர்விலும் ஒதுக்கப்படுவதை பேராசிரியர் தோரட் குழு 2007லேயே அறிக்கையாகக் கொடுத்தது. பாகுபாட்டைத் தடுக்க ஒவ்வொரு கல்லூரியிலும் ஓர் அதிகாரி வேண்டும் என்று 2012ல் யு.ஜி.சி. விதி எழுதியது. விதி எழுதி நான்கு வருடம் கழித்து, 2016ல் ஹைதராபாத் பல்கலைக்கழகத்தில் ரோஹித் வேமுலாவும், 2019ல் மும்பையில் மருத்துவ மேற்படிப்பு மாணவி பாயல் தட்வியும் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். இருவரின் தாய்மார்களும் 2019ல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். ஏற்கனவே இருக்கும் விதியை நடைமுறைப்படுத்துங்கள் என்று கேட்டு இரண்டு தாய்மார்கள் நீதிமன்றப் படி ஏற வேண்டியிருந்தது!

2026 ஜனவரியில் யு.ஜி.சி. புதிய சமத்துவ விதிமுறைகளை வெளியிட்டது. பொய்ப் புகார் வந்தால் எங்களுக்கு என்ன பாதுகாப்பு என்று கேட்டு இன்னொரு தரப்பு மாணவர்கள் போராடினார்கள். அதே மாதக் கடைசியில் உச்ச நீதிமன்றம் அவற்றை நிறுத்தி வைத்து, 2012 விதிகளே தொடரும் என்றது. இதில் யார் பக்கம் நியாயம் என்று தனியாக வாதாடலாம். ஆனால் ஒன்று மட்டும் தெளிவு. புகார் கொடுப்பவருக்கும் விசாரணை மீது நம்பிக்கை இல்லை, புகாருக்கு ஆளாகிறவருக்கும் நம்பிக்கை இல்லை. இரண்டு பக்கமும் நம்பாத நடுவரை வைத்துக்கொண்டு எந்த விளையாட்டை நடத்த முடியும்?

கணக்குப்பதிவியலில் நற்பெயர் என்று ஒரு சொத்து உண்டு. கையால் தொட முடியாது, ஆனால் நிறுவனத்தைத் தூக்கி நிறுத்துவது அதுதான். நாங்களே சம்பாதித்த நற்பெயர் இவ்வளவு என்று ஒரு நிறுவனம் தன் ஏட்டில் தானே எழுதிக்கொள்ள முடியாது. கணக்கைச் சரிபார்க்கும் வேலையையும் அதை எழுதியவரிடமே விடுவதில்லை. வெளியிலிருந்து தணிக்கையாளர் வர வேண்டும். கல்லூரிகள் மட்டும் ஏன் தங்கள் மேல் வரும் புகாரைத் தாங்களே விசாரித்து, தங்களுக்குத் தாங்களே நற்சான்றிதழ் கொடுத்துக்கொள்ள வேண்டும்?

இதற்கும் விதி இருக்கிறது. 2023ல் வந்த யு.ஜி.சி. விதிமுறைப்படி, மாணவர் குறைதீர்க்கும் குழு 15 வேலை நாட்களுக்குள் அறிக்கை தர வேண்டும். அதில் திருப்தி இல்லையென்றால் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். அவர் ஓய்வு பெற்ற துணைவேந்தராகவோ, பேராசிரியராகவோ, மாவட்ட நீதிபதியாகவோ இருக்கலாம். ஆனால் அந்தப் பல்கலைக்கழகத்தோடு சொந்த லாபம் எதுவும் இல்லாதவராக இருக்க வேண்டும். அதாவது, ஏறக்குறைய வெளித் தணிக்கையாளர். விதி வந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆன பிறகும் குறைதீர்ப்பாளரை நியமிக்காத 157 பல்கலைக்கழகங்களின் பட்டியலை 2024 ஜூனில் யு.ஜி.சி. வெளியிட்டது. தேர்வுக் கட்டணம் ஒரு நாள் தாமதமானால் அபராதம் வாங்கும் பல்கலைக்கழகங்களைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறோம்!

பாதுகாப்பு ஒரு பக்கம் என்றால், வெளிப்படையான பேச்சு மறு பக்கம். "மாணவர்களைப் பேச விட்டால் சண்டைதான் வரும், அதனால் கூட்டமே வேண்டாம்" என்பது பல நிர்வாகங்களின் எண்ணம். அந்தப் பயத்தில் ஓரளவு நியாயம் இருக்கலாம். ஆனால் தடை பலன் தருகிறதா? 2015 மே மாதம் சென்னை ஐ.ஐ.டி.யில் அம்பேத்கர் பெரியார் படிப்பு வட்டத்தின் அங்கீகாரம் ரத்து செய்யப்பட்டது. மத்திய அமைச்சகத்துக்குப் போன ஒரு பெயரில்லாக் கடிதத்தில் தொடங்கிய விவகாரம் அது. விளைவு? ஒரு வளாகத்துக்குள் சில மாணவர்கள் கூடிப் பேசிக்கொண்டிருந்த விஷயம் நாடு முழுவதும் பேசப்பட்டது, போராட்டங்கள் நடந்தன, ஜூன் மாதமே அங்கீகாரம் திரும்பக் கொடுக்கப்பட்டது. அந்தக் கடிதத்தை எழுதியவர்கள் தங்கள் கருத்தைப் பெயர் சொல்லி, அதே வளாகத்தில், அந்த மாணவர்கள் எதிரிலேயே சொல்லியிருந்தால் அது ஒரு நல்ல விவாதமாக இருந்திருக்கும்.

இதில் ஒரு கோட்டைத் தெளிவாகப் போட வேண்டும். "உன் கொள்கை தவறு" என்பது கருத்து. "உன்னை இங்கே படிக்க விடமாட்டேன்" என்பது மிரட்டல். முதலாவதற்கு மேடை கொடுக்க வேண்டும், இரண்டாவதற்கு உடனே தண்டனை கொடுக்க வேண்டும். நடைமுறையில் பல இடங்களில் தலைகீழாக நடக்கிறது. கேள்வி கேட்டவனுக்கு மெமோ, மிரட்டியவனுக்குச் சமாதானப் பேச்சு.

விவாதிப்பதைத் தமிழர்களுக்கு யாரும் புதிதாகக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. மணிமேகலையிலேயே பட்டிமண்டபம் பற்றிய குறிப்பு இருக்கிறது. இன்றும் பொங்கல், தீபாவளி என்றால் பட்டிமன்றம் இல்லாமல் தொலைக்காட்சி இல்லை. அதில் ஒரு நல்ல பழக்கம் உண்டு. தீர்ப்பு சொல்லும் முன் நடுவர் இரண்டு அணியின் வாதத்தையும் அவர்களை விட அழகாக எடுத்துச் சொல்வார். தோற்ற அணியும் "நாங்கள் சொன்னதைச் சரியாகப் புரிந்துகொண்டார்" என்று கை தட்டும். கல்லூரி விசாரணைக் குழுக்கள் இந்த ஒன்றைக் கற்றுக்கொண்டாலே பாதி பிரச்சினை தீர்ந்துவிடும்.

செய்ய வேண்டியவை மலையைப் புரட்டும் வேலைகள் அல்ல. வருடத்துக்கு ஒரு முறை, எத்தனை புகார்கள் வந்தன, எத்தனை முடிந்தன, எத்தனை நாள் ஆனது என்று பெயர்கள் இல்லாமல் கல்லூரி அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டலாம். மாணவர் தொடர்பான பாலியல் புகார்களை விசாரிக்கும் உள் குழுவில் தேர்ந்தெடுக்கப்பட்ட மாணவர்கள் இருக்க வேண்டும் என்று 2015 யு.ஜி.சி. விதிமுறை சொல்கிறது. அந்தத் தேர்தலை உண்மையாகவே நடத்தலாம். புகார் வாங்குபவர் மதிப்பெண் போடுபவராக இல்லாமல் பார்த்துக்கொள்ளலாம். விடுதி அறைகளை ஊர், சாதி பார்க்காமல் கலந்து ஒதுக்கலாம்.

மாணவர்கள் பங்குக்கும் ஒன்று உண்டு. புகார் எழுதிய தோழியோடு முதல்வர் அறை வாசல் வரை கூட நடந்து போக எந்த விதிமுறையும் தேவையில்லை. "உனக்கு எதுக்குடி வம்பு" என்று சொல்லும் நூறு பேருக்கு நடுவில் "வா, நானும் வர்றேன்" என்று சொல்ல ஒருவர் போதும்.

அடுத்த வருடச் சேர்க்கையின்போது அதே கேள்வியை ஒரு பெற்றோர் கேட்கட்டும். "போன வருடம் பதினான்கு புகார்கள் வந்தன. பன்னிரண்டை முடித்துவிட்டோம். இரண்டு விசாரணையில் இருக்கின்றன" என்று ஒரு கல்லூரி பதில் சொன்னால், தயங்காமல் அங்கே பிள்ளையைச் சேர்க்கலாம். ஒரு புகாரும் இல்லை என்று சொல்லும் கல்லூரியில் இன்னும் இரண்டு கேள்விகள் கேட்டுவிட்டுப் பணம் கட்டுவது நல்லது!