பன்னிரண்டு மாதக் கெடு

எங்கள் திருப்பத்தூரில் பட்டறை வைத்திருக்கும் நண்பர், கடலை உடைக்கும் கருவியில் புது அமைப்பு ஒன்றைச் செய்து, தற்காலிக விவரக்குறிப்போடு காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். மகள் கல்யாண அலைச்சலில், முழு விவரக்குறிப்பு கொடுக்கவேண்டிய 12 மாதக் கெடு தாண்டிவிட்டது. விண்ணப்பம் கைவிடப்பட்டதாகிவிட்டது.

"மறுபடி போடலாமே" என்றேன்.

"நடுவுல நாலு கருவி வித்துட்டேனே, சார்!"

விற்றுவிட்டால் சட்டத்தின் கண்ணில் அது புதுமையில்லை.

2024-இல் திருத்திய 138-ஆம் விதி, விதிகளில் உள்ள கெடுக்களைக் கட்டணத்தோடு ஆறு மாதம் வரை நீட்டிக்க இடம் தருகிறது. இந்த 12 மாதமோ 1970-ஆம் வருடச் சட்டத்தின் 9-ஆம் பிரிவிலேயே இருப்பதால், அந்தச் சலுகை இதற்கில்லை.

கெடுவே வேண்டாம் என்பதல்ல என் வாதம். தனி ஆளுக்கு, அபராதத்தோடு ஒரு மாதமாவது சட்டத்தில் இடம் தரலாம். அதுவரை, விண்ணப்பித்த அன்றே காலண்டரில் வட்டம் போட்டுவிடுங்கள்.