வட்டம் வட்டமாக இருக்கட்டும்

ஒரு சித்திரத்தின் வர்ணங்களைப் போலவே அதன் நீள அகலப் பிரமாணமும் சித்திரக்காரனுடைய சங்கற்பத்தில் சேர்ந்தது என்பதைச் சுவரில் தொங்கும் படத்தின் விஷயத்தில் தயக்கமின்றி ஒப்புக்கொள்ளுகிற நாம், தொலைக்காட்சியில் அசையும் படத்தின் விஷயத்தில் மட்டும், செய்தி வாசிக்கும் பெண்மணியின் முகம் சுரைக்காயாக நீண்டு தெரிந்தாலும், செய்தி காதில் விழுந்தால் போதும் என்று இருந்துவிடுகிறோம். இந்த அலட்சியம் எனக்குச் சம்மதமில்லை.

2006-ஆம் ஆண்டு தொடங்கித் தமிழக அரசு இலவசமாக வழங்கிய 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சிகள், அக்காலத்து வழக்கப்படி, அகலம் நான்கு பங்கும் உயரம் மூன்று பங்குமான பிக்சர் டியூப் கொண்டவை. 2017 முதல் அரசு கேபிளின் செட்டாப் பாக்ஸ் வீடுகளுக்கு வந்து சேர்ந்தபோதோ, அலைவரிசைகள் பதினாறுக்கு ஒன்பது என்னும் அகன்ற விகிதத்தைக் கைக்கொள்ளத் தொடங்கியிருந்தன. இவ்விரண்டுக்கும் நடுவே நின்று சமரசம் செய்யும் பொறுப்பு அந்தச் சிறிய பெட்டியின் மீது விழுந்தது.

சாதாரணத் தரத்து டிஜிட்டல் படம், குறுகியதாயினும் அகன்றதாயினும், வரிக்கு 720 புள்ளிகள் வீதம் 576 வரிகளாகவே வந்து சேருகிறது. அதை எந்த விகிதத்தில் விரித்துக் காட்டவேண்டும் என்பதைச் சொல்ல ஒரு சிறு குறிப்பு கூடவே வருகிறது. பாக்ஸ் அந்தக் குறிப்பைப் படித்துவிடும்; ஆனால் எதிரே இருக்கும் திரை எந்த வடிவத்தது என்பதை நாம் மெனுவில் சொல்லிவைத்தாலொழிய அது அறியாது. ஐரோப்பாவில் வழங்கிய ஸ்கார்ட் என்னும் 21 முனை இணைப்பிலே, எட்டாம் முனையில் சுமார் 6 வோல்ட் இருந்தால் அகன்ற படம், 12 வோல்ட் இருந்தால் குறுகிய படம் என்று டிவிக்கு அறிவிக்க நல்லதோர் ஏற்பாடு செய்திருந்தார்கள். நம் வீட்டு மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஏவி வயரில் அப்படித் தனி வழி கிடையாது.

ஆகவே, மெனுவில் 'ஃபுல்' என்று இருந்துவிட்டால், அகன்ற படத்தின் பக்கங்கள் நெருக்கப்பட்டு, அகலத்தில் கால் பங்கு சுருங்கி, மனிதர்களெல்லாம் நெட்டையாகிறார்கள். 'பான் ஸ்கேன்' என்று வைத்தால் உருவம் கெடாது. ஆனால் இரு பக்கத்திலும் எட்டில் ஒரு பங்கு வெட்டுண்டு போகும். திரையின் இரு கோடிகளிலும் பாத்திரங்களை நிறுத்திக் காட்சி அமைக்கும் சினிமாஸ்கோப் படங்களில், 1973-இல் வெளிவந்த தமிழின் முதல் சினிமாஸ்கோப் சித்திரமாகிய 'ராஜராஜ சோழன்' போன்றவற்றில், இது பேசுகிறவரையே வெளியே தள்ளிவிடக்கூடும். 'லெட்டர்பாக்ஸ்' ஒன்றுதான் 432 வரிகளில் முழுப் படத்தையும் காட்டி, மேலும் கீழும் 72 வரிகளைக் கறுப்பாக விடுகிறது. அந்தக் கறுப்புப் பட்டையைக் கண்டு, காசு கொடுத்து வாங்கிய திரையில் பாதி வீணாகிறதே என்று வருந்துகிறவர்கள் உண்டு. வீணாவது கால் பங்குதான், அதற்குப் பிரதியாகக் கிடைப்பதோ படத்தின் யதார்த்த ரூபம்.

இனிச் சிக்கலான ஒரு சங்கதி. 1952-இல் வந்த 'பராசக்தி' முதலிய பழைய படங்கள் ஏறக்குறைய குறுகிய வடிவத்திலேயே எடுக்கப்பட்டவை. அவற்றை அகன்ற சட்டத்துக்குள் வைப்பதற்காக ஒளிபரப்புகிறவர்கள் இரு பக்கமும் கறுப்புப் பட்டை சேர்த்து அனுப்ப, நம் பெட்டி மேலும் கீழும் தன் பங்குக்குப் பட்டை சேர்க்க, திரையின் பதினாறில் ஒன்பது பங்குக்குள் படம் ஒடுங்கிவிடுகிறது. இந்த ஒரு சந்தர்ப்பத்தில் 'பான் ஸ்கேன்' தகும். வெட்டுப்படுவது பக்கத்துப் பட்டையே ஆதலால் நஷ்டமில்லை. வேறு சில வேளைகளில் பழைய படத்தையே பக்கவாட்டில் இழுத்து அகன்ற சட்டத்தை நிரப்பி அனுப்புகிறார்கள். அப்போது 'ஃபுல்' என்று வைத்த பழைய டிவியில், இழுத்ததும் நெருக்கியதும் ஒன்றையொன்று சரிக்கட்டி, படம் தற்செயலாகச் சரியாகத் தெரிகிறது. இரவில் இப்படிச் சரியாகக் கண்டவர், பெட்டியின் அமைப்பே சரியென்று நிச்சயித்து, காலையில் நெட்டையாகத் தெரியும் செய்தியாளரைத் திருத்த முற்படுவதில்லை. கலைஞர்கள் பாடுபட்டு உருவாக்கிய முகபாவங்களை ஒளிபரப்பும் இடத்திலேயே இழுத்துக் கெடுப்பது பெரிய அநியாயம் என்பதை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

கம்ப்யூட்டரிலிருந்து எச்டிஎம்ஐ வழியாக வரும் படத்தை ஏவி வயருக்கு மாற்றித் தரும் மலிவான கன்வர்ட்டர்களில் பெரும்பாலும் இத்தகைய மெனுவே இராது. வந்ததை நெருக்கித் தள்ளுவதே அவற்றின் தொழில். படம் கன்வர்ட்டரை அடையும் முன்பே கம்ப்யூட்டரில் அதை 720-க்கு 432 ஆக்கி, மேலும் கீழும் 72 வரிகள் கறுப்பாகச் சேர்த்து 576 ஆக நிரப்பிக்கொண்டால் உருவம் கெடாது. எங்கே செய்தாலும் திருத்தத்தை ஓரிடத்தில் மட்டுமே செய்ய வேண்டும். இரண்டிடத்தில் செய்த திருத்தம் புதிய பிழையாகும்.

பரீட்சை எளிது. தேசியக் கொடியின் அசோகச் சக்கரமோ, சுவர்க் கடிகாரமோ நேர்முகமாகத் திரையில் தெரியும்போது, ஸ்கேலால் உயரத்தையும் அகலத்தையும் அளந்து பாருங்கள். இரண்டும் சமமாயிருந்தால் அந்த நிகழ்ச்சிக்கு அமைப்பு சரி. இல்லையேல் ரிமோட்டில் மெனுவைத் திறந்து, திரையின் வடிவம் 4:3 என்றும் காட்டும் முறை லெட்டர்பாக்ஸ் என்றும் வையுங்கள். பெட்டிக்குப் பெட்டி பெயர்கள் சற்று மாறலாம். கைவராவிட்டால், அடுத்த முறை கேபிள்காரர் வரும்போது இதைச் செய்து கொடுத்துவிட்டுப் போகும்படி கேளுங்கள்.