எஸ்.எம்.பி.எஸ் வாங்கும்போது கஞ்சத்தனம் வேண்டாம்!

கல்யாண ஆல்பம், குழந்தையின் முதல் நடை... எல்லாவற்றையும் பத்திரப்படுத்த, பழைய கம்ப்யூட்டரில் நான்கு ஹார்ட் டிஸ்க்கைப் பொருத்தி வீட்டுக்கே ஒரு சர்வர் அமைக்கிறீர்களா? டிஸ்க்கைப் பார்த்துப் பார்த்து வாங்கும் பலரும் கோட்டை விடுவது, அதற்குக் கரன்ட் தரும் எஸ்.எம்.பி.எஸ்ஸில்தான்.

3.5 அங்குல டிஸ்க் ஓடும்போது 5 முதல் 8 வாட்ஸ்தான் இழுக்கும். ஆனால், சுழலத் தொடங்கும் சில விநாடிகளுக்கு 25 வாட்ஸ் வரை கேட்கும். நான்கும் ஒன்றாகக் கிளம்பினால் 100 வாட்ஸ். போர்டு, பிராசஸருக்கு இன்னொரு 100. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லையென்றால், 300 முதல் 400 வாட்ஸ் தாராளம்.

750 வாட்ஸ் வாங்கினால் பாதுகாப்பு கூடாது. குறைந்த சுமையில் கரன்ட்தான் வீணாகும். 24 மணி நேரமும் ஓடும் பெட்டியில் 10 வாட்ஸ் வீணானாலே, ஆண்டுக்கு 88 யூனிட்!

‘80 பிளஸ்’ முத்திரை, கரன்ட் சிக்கனத்துக்கான சான்று மட்டுமே. அதிக வோல்டேஜைத் தடுக்கும் வசதி, நீண்ட வாரன்டி, டிஸ்க்குகளுக்குப் போதுமான சாட்டா இணைப்புகள் ஆகியவற்றையும் பாருங்கள். மலிவான மோலெக்ஸ் - சாட்டா கன்வர்ட்டர்கள் உருகித் தீப்பிடித்ததுண்டு.

தரமற்ற எஸ்.எம்.பி.எஸ் பழுதானால், நான்கு டிஸ்க்கும் ஒரே நொடியில் போகலாம். அதனால், நல்லதாகவே வாங்கினாலும் ஒரு நகலை வேறிடத்தில் வைத்திருங்கள்.