இராட்சதக் குளமும் இராட்சத விமானமும்

கட்டுக்கரைக்கு ஆங்கிலேயர் இட்ட பெயர் இராட்சதனின் குளம். அருவியாற்று நீரைத் தேக்கம் அணை வழியே பெற்று எமது வயல்களுக்கு ஊட்டும் நல்ல இராட்சதன் அவன். இப்பொழுது அமெரிக்காவில் வேறோர் இராட்சதன் உருவாகிறான். றேடியா என்னும் நிறுவனம் வரைந்துவரும் ‘விண்ட்ரன்னர்’ என்ற சரக்கு விமானத்தின் நீளம் 108 மீற்றர். இறக்கை அகலம் 80 மீற்றர். அது இன்னும் பறக்கவில்லை. இந்தப் பத்தாண்டின் இறுதியையொட்டிப் பறக்கும் என்கிறார்கள்.

2018இல் மத்தளையில் இறங்கிச் சென்ற உக்ரேனின் அன்ரனோவ் 225 ஏறக்குறைய 250 தொன் சுமந்தது. 2022 பெப்ரவரிப் போரில் அது அழிந்தது. புதியது 72 தொன் மட்டுமே சுமக்கும். ஆயின் அதன் வயிற்றில் 100 மீற்றருக்கும் மேற்பட்ட காற்றாலை அலகு ஒன்று முழுதாகப் படுத்துக்கொள்ளும். மன்னார்த் தீவின் தம்பபவனியில் சுழலும் 30 காற்றாலைகளின் அலகு ஒவ்வொன்றும் 62 மீற்றர் அளவினது. அதனினும் பெரிதும் நீண்டவற்றை வீதியின் வளைவும் பாலமும் விடமாட்டா. அந்தத் தடையைத் தாண்டவே விமானம்.

இது மன்னாருக்கென வரைந்த திட்டமன்று. எனினும் காற்றுள்ள இடத்தைத் தேடுவோர் மன்னாரை மறக்கமாட்டார்கள் என்பதை யாம் பட்டறிந்திருக்கிறோம். 2025 பெப்ரவரியில் அதானி நிறுவனம் விலகிக்கொண்டது. ஆகஸ்டில் வேறு காற்றாலைகளுக்கெதிராக மக்கள் வீதியில் அமர்ந்தார்கள். ஜனாதிபதி ஒரு மாதம் வேலையை நிறுத்திவைத்தார். செப்டெம்பர் பிற்பகுதியில் ஓரிரவு, பொலிஸ் காவலுடன் பாகங்கள் ஏற்றிவரப்பட்டபோது மோதல் மூண்டது.

அன்று மக்கள் கையில் இருந்த ஆயுதம் யாது? வீதி ஒன்றே. பாரவண்டி எமது வீட்டு வாசலைக் கடந்தே தீரவேண்டும், ஆகவே அதனை மறித்து, “எம்மைக் கேட்டீர்களா?” என்று வினவ முடிந்தது. வானத்தில் வருவதை எந்தச் சந்தியில் மறிப்பது?

விமானம் இறங்க 1,800 மீற்றர் மண் ஓடுபாதை போதும் என்பதை நிறுவனம் பெருமையாகவே சொல்கிறது. இறக்கை அகலத்துக்கு மட்டும் கணக்கிட்டாலும் 35 ஏக்கர்! முருங்கன் பக்கத்துக் களிமண்ணோ கோடையில் வெடித்துப் பிளக்கும். மாரியில் காலை விடாது. அதன்மேல் ஓடுபாதை அமைப்பதாயின் கிரவல் கொட்டி மேடாக்கவேண்டும். மேடாக்கினால் வாய்க்கால் நீர் எங்கே போகும்? (1954 முதல் கட்டுக்கரை பறவைகள் சரணாலயமுமாகும். பறவைக் கூட்டமும் விமானமும் ஒரே வானில் படும் பாட்டை விமானிகளே சொல்லட்டும்.)

காற்றுமின்சாரத்துக்கு யாம் எதிரிகளல்லர். எம் பொறியியலாளர்கள் அப்பேர்ப்பட்ட விமானத்தை வியப்பதிலும் தவறில்லை. ஆயின் 1950ஆம் ஆண்டின் காணி எடுத்தற் சட்டத்தின் 38ஆம் பிரிவை அவர்கள் ஒருமுறை வாசிக்கவேண்டும். 2ஆம் பிரிவின் அறிவித்தலை ஒட்டிவிட்டு, ‘அவசரம்’ என்று அமைச்சர் கட்டளையிட்டால், ஆட்சேபனை விசாரணை முடியுமுன்னரே, நட்டஈடு கைக்கு வருமுன்னரே காணி போய்விடும். வீதியையும் மறிக்க இயலாது, விசாரணையும் இல்லையென்றால் கமக்காரன் எங்கே நின்று பேசுவான்?

ஆகையால் ஓடுபாதையைத் தனிச் சிறுவேலையாகப் பிரித்துக் காட்டாமல், காற்றாலைத் திட்டத்தோடு ஒரே சுற்றாடல் மதிப்பீட்டில் சேர்க்கவேண்டும். அந்த அறிக்கை தமிழில் எமது பிரதேச செயலகங்களில் கிடைக்கவேண்டும். இவ்விடயத்தில் அவசரப் பிரிவைத் தீண்டுவதில்லையென அரசு எழுத்தில் உறுதிதரவேண்டும். வயலை நிரப்புவதற்குக் கமநல அபிவிருத்தி ஆணையாளர் நாயகத்தின் எழுத்துமூல அனுமதி வேண்டுமென்று 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டம் ஏற்கனவே சொல்கிறது. அடுத்த காலபோகக் கூட்டத்தில், தண்ணீர் திறக்கும் திகதியோடு இந்தத் தீர்மானத்தையும் நிறைவேற்றி, கமக்கார அமைப்புகள் அவ்வாணையாளருக்கு அனுப்பிவைக்கட்டும். வரைவை எழுதித்தர எம் சட்டத்தரணிகள் கட்டணமின்றி முன்வருவார்கள்.