எந்த முள்? ஈப்புழுவும் இருபத்திரண்டாம் நம்பரும்

"பரீட்சைக்கு மூணு வாரம்தான் இருக்கு, உனக்கு மீன் பிடிக்கிற முள்ளா முக்கியம்?" என்று அறைத்தோழன் சிரிக்கிறான். முக்கியம்தான். ஏனென்று சொல்கிறேன், கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

நான் படிப்பது பர்மிங்காமில். ஊர் முழுக்கக் கால்வாய்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் கரையோரம் தூண்டிலோடு ஆட்கள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துப் பார்த்து, நானும் லைசென்ஸ் எடுத்து உட்கார்ந்துவிட்டேன் (இங்கிலாந்தில் 13 வயது முதலே நன்னீரில் தூண்டில் போட லைசென்ஸ் வேண்டும்). சால்மன், டிரவுட் தவிர்த்த மற்ற நன்னீர் மீன்களைப் பிடிப்பதற்கு இங்கே 'கோர்ஸ் ஃபிஷிங்' என்று பெயர். ரோச், பிரீம், டெஞ்ச் எல்லாம் நம்மூர்க் கெண்டையின் சொந்தக்காரர்கள். பிடித்த மீனை யாரும் குழம்பு வைப்பதில்லை. பார்த்துவிட்டுத் திரும்பத் தண்ணீரிலேயே விட்டுவிடுகிறார்கள். அம்மாவிடம் போனில் சொன்னேன். "அப்புறம் எதுக்குடா பிடிக்கணும்?" என்றாள். நியாயமான கேள்வி. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதல் நாள் பெரிய மீன் கனவோடு 10ஆம் நம்பர் முள் வாங்கினேன். இந்த நம்பர் கணக்கு தலைகீழ்: எண் கூடக்கூட முள் சிறியதாகும். 10 பெரிது, 20 பொடிசு. அதிலும் ஒரு கம்பெனியின் 18 இன்னொரு கம்பெனியின் 16 அளவுக்கு இருக்கும். என் 10ஆம் நம்பரில் ஈப்புழுவைக் குத்தியதும் அது உடைந்து வெறும் தோல்தான் மிஞ்சியது. இரண்டு மணி நேரம் தக்கை அசையவே இல்லை. பக்கத்தில் இருந்த பெரியவர் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மீனைப் பார்த்து முள் வாங்காதே தம்பி, இரையைப் பார்த்து வாங்கு." (அவர் சொன்னது 'மேட்'. நான் தம்பி என்றே எடுத்துக்கொண்டேன்.)

காரணம் எளிது. இந்த மீன்கள் இரையைக் கடிப்பதில்லை, தண்ணீரோடு சேர்த்து உறிஞ்சுகின்றன. முள்ளின் கனம் இழுத்தால் புழு கல் மாதிரி இறங்கும். மெல்லிய கம்பியில் செய்த சிறிய முள்ளில்தான் அது நெளிந்துகொண்டே மெதுவாக இறங்கும். குத்துவதிலும் சூட்சுமம் உண்டு. புழுவின் தடித்த பக்கத்தில் கண் மாதிரி இரண்டு புள்ளிகள் தெரியும். அவை கண் இல்லை, மூச்சுத் துளைகள். அந்தப் பக்கத் தோலை மட்டும் லேசாகக் கோர்க்க வேண்டும்.

நான் கற்றுக்கொண்ட கணக்கு இது. ஒற்றை ஈப்புழுவுக்கு 18 அல்லது 20. இரண்டு சேர்த்துக் கோர்த்தால் 16. 'பிங்கி' என்கிற பொடிப் புழுவுக்கு 20, 22. புழு கூடாக மாறிய 'காஸ்டர்' என்றால் 16, 18. ஒரு மக்காச்சோள மணிக்கு 12, 14. பிய்த்த ரொட்டிக்கு 10, 12.

இதோடு நிறுத்தியிருந்தால் நல்ல பிள்ளை. ஆனால் சிறிய முள்ளுக்கு மீன் வருகிறது என்று தெரிந்ததும் எனக்கு வெறி பிடித்தது. எதற்கெடுத்தாலும் 22. மீன் கொத்திக்கொண்டே இருந்தது, நானும் எண்ணிக்கொண்டே இருந்தேன். ஒரு மாலை, தக்கையைக் கவனிக்காமல் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தூக்கினால் ஒரு சின்ன ரோச், முள்ளைத் தொண்டைவரை விழுங்கியிருந்தது. அதை எடுக்கும் டிஸ்கார்ஜர் குச்சி என்னிடம் இல்லை. விரலால் நோண்டினேன். விட்டபோது அது பக்கவாட்டில் சாய்ந்து மிதந்தது. அதே வாரம் ஒரு டெஞ்ச். 22க்கு ஏற்ற மெல்லிய நரம்பு தாங்குமா? அறுந்தது. வாயில் முள்ளோடு மீன் போய்விட்டது. எண்ணிக்கை எல்லாம் அன்றோடு மறந்துபோயிற்று.

அதனால் என்னைக் கேட்டால், பெரியவரின் விதி பாதிதான். முள்ளை இரையைப் பார்த்துத் தேர்ந்தெடு, சரி. ஆனால் அந்த இரை தாங்கக்கூடிய அளவுகளில் பெரியதையே எடு. ஒற்றைப் புழுவுக்கு 18 போதும் என்றால் 22க்குப் போகாதே. குளிர்காலத்தில் தண்ணீர் தெளிந்து மீன் சந்தேகப்படும்போது ஒரு படி இறங்கலாம், ஒப்புக்கொள்கிறேன். அப்போது தக்கையை விட்டுக் கண்ணை எடுக்காதே. பெரிய கார்ப் இருக்கும் குளத்தில் சிறிய முள்தான் என்றாலும் தடித்த கம்பியில் செய்ததாகப் பார். நுனிக்குப் பின்னால் திரும்பி நிற்கும் சின்னப் பல் இல்லாத 'பார்ப்லெஸ்' முள்ளையே வாங்கு. மீன் கொஞ்சம் கூடத் தப்பும், தப்பட்டும். ஆழமாக விழுங்கிவிட்டால் நோண்டாமல் நரம்பை வாயருகே வெட்டிவிடு.

"ஒரு பொடி முள்ளுக்கு இவ்வளவு பேச்சா?" என்பீர்கள். பொடிச் சாமான் என்றுதான் தூண்டிலில் கட்டும் ஈயக் குண்டுகளையும் நினைத்தார்கள். அன்னங்கள் அவற்றை விழுங்கி விஷமேறிச் செத்தன. 1987இல் பிரிட்டனில் அந்தச் சிறு ஈயக் குண்டுகளில் பெரும்பாலானவற்றின் விற்பனையையே தடை செய்ய வேண்டியிருந்தது.

அம்மாவின் கேள்விக்கு முழுப் பதில் இன்னும் என்னிடம் இல்லை. ஆனால் விடத்தான் போகிறோம் என்று சொல்லிக்கொண்டு பிடிக்கிறவன், விட்ட மீன் நீந்திப் போகும்படி விட வேண்டாமா? அது கரையில் முடிவாவதில்லை, கடையில் முள் வாங்கும்போதே முடிவாகிவிடுகிறது. போன ஞாயிறு 18இல் நான்கே ரோச்தான். நான்கும் கையை விட்டதும் வாலை அடித்துக்கொண்டு போயின.

சரி, படிக்கப் போகிறேன். அறைத்தோழன் முறைக்கிறான்.