ஊசி மூக்கா, தடி மூக்கா?

புணே–சோலாப்பூர் சாலையில் பிக்வான். பீமா நதியின் உஜனி நீர்த்தேக்கம் இங்கே பரந்து கிடக்கிறது. எல்லோரும் பூநாரை பார்க்க வருகிறார்கள். நானும் அதற்குத்தான் போனேன்.

படகோட்டி கை நீட்டி, "பதக்" என்றார். வாத்தாம். மைனா அளவுகூட இல்லாத வாத்தா? வெளுத்த உடல், கண்ணுக்குப் பின்னால் மை தீட்டியதுபோல் கறுப்புத் திட்டு. நீரில் பம்பரமாகச் சுழன்றது. சந்தேகமில்லை, ஃபலரோப். சுழலும் வேகத்தில் கீழ்நீர் மேலே வரும். கூடவே வரும் சிற்றுயிர்களைக் கொத்தித் தின்னும். ஆர்க்டிக் பக்கம் முட்டையிட்டு, குளிர்காலத்தை அரபிக்கடலில் கழிக்கும் பறவை. (அடைகாப்பது ஆண், பளிச்சென்ற நிறம் பெண்ணுக்கு.) உள்நாட்டு நீரில் எப்போதாவதுதான் இறங்கும்.

ஆனால் எது? செங்கழுத்து ஃபலரோப்பா, அதைவிட அபூர்வமான சாம்பல் ஃபலரோப்பா? குளிர்காலத்தில் செங்கழுத்திலும் சிவப்பு இருக்காது. சாம்பலாக இருக்கக்கூடாதா என்று மனசு அடித்துக்கொண்டது. குறிப்பேட்டில் எழுதியும்விட்டேன். யார் வந்து கேட்கப்போகிறார்கள்?

துடுப்பை நிறுத்தச் சொன்னேன். பறவை பக்கவாட்டில் திரும்பியது. ஊசி போன்ற அலகு, முதுகில் வெளிர் கோடுகள். சாம்பலுக்கு அலகு தடிமன். முதுகு கோடில்லாத ஒரே சாம்பல். எழுதியதை அடித்துவிட்டு 'செங்கழுத்து' என்று திருத்தினேன்.

படகோட்டி மட்டும் கரை சேரும்வரை பதக்கை விடவில்லை.